"சும்மா விசாரணைக்குத்தான்" என்றதும் வீட்டார் செய்யும் தவறுகள்

இரவு பதினொரு மணிக்கு வியாசர்பாடியிலோ காசிமேட்டிலோ கதவைத் தட்டி, "சும்மா விசாரிச்சிட்டு அனுப்பிடுறோம்மா" என்று பையனை அழைத்துப்போனால், அந்தச் சொல்லை நம்பி, காவல் நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடைப் பெஞ்சில் விடியும்வரை உட்கார்ந்திருப்பதே முதல் தவறு. கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 22ஆவது உறுப்பு. ஆனால் எப்போது கொண்டுபோனார்கள் என்பதற்கு வீட்டார் கையில் ஆதாரம் இல்லாவிட்டால், மறுநாள் மாலை ஏதோ ஒரு தெருமுனையில் பிடிபட்டதாகக் காகிதத்தில் ஏறிவிட இடமுண்டு. விவரம் தெரிந்தவர்கள் முன்பெல்லாம் அன்றிரவே காவல் ஆணையருக்குத் தந்தி கொடுத்துவிடுவார்கள். அதில் பதிவாகும் நேரமே சாட்சியாக நின்றது. 2013இல் தந்தி நின்றுபோனாலும், அழைத்துச் சென்ற நேரம், வந்தவர்களின் அடையாளம், வண்டி எண் ஆகியவற்றை எழுதி அனுப்பும் மின்னஞ்சல் அதே வேலையைச் செய்யும்.

அடுத்தது கையெழுத்து. டி.கே. பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைப்படி, கைதுக் குறிப்பில் தேதியும் நேரமும் இருக்க வேண்டும். குடும்பத்தாரோ அப்பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். அந்த நேரம் சரிதானா என்று பார்க்காமலும், அதைவிட மோசமாக வெற்றுத்தாளிலும், கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். விசாரணையில் காவலர் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்துக்குக் கையெழுத்தே தேவையில்லை. காவலரிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலமும், அதைக் கொண்டு பொருள் ஏதேனும் கைப்பற்றப்பட்டால் அது தொடர்பான பகுதியைத் தவிர, நீதிமன்றத்தில் சான்றாகாது.

நடுவர் முன் வாய் திறக்காமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். கையில் மாவுக்கட்டோடு நிற்பவர், "கழிவறையில் வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லிக்கொடுத்ததையே ஒப்பித்துவிட்டால், பிறகு அதை மாற்றிப் பேசுவது எளிதல்ல. அடித்திருந்தால் அங்கேயே சொல்லி, அதைப் பதிவு செய்யுமாறு கேட்க வேண்டும். கைதுக்குப் பின் மருத்துவர் தரும் பரிசோதனை அறிக்கையின் நகலைப் பெறவும் சட்டத்தில் உரிமை உண்டு.

ஜாமீன் கிடைத்ததும் எல்லாம் முடிந்தது என்று எண்ணுவோர், இனிக் குற்றம் செய்யாதபடி ஒருவரை முன்கூட்டியே அடைத்துவைக்கும் 1982ஆம் ஆண்டின் தடுப்புக் காவல் சட்டத்தை, அதாவது நம் பேச்சில் 'குண்டாஸ்' எனப்படுவதை, மறந்துவிடுகிறார்கள். இதற்கு அந்த 24 மணி நேர விதி பொருந்தாது. ஓராண்டுவரை உள்ளே வைக்கலாம். எனினும் காரணங்களை ஐந்து நாட்களுக்குள், அடைக்கப்பட்டவருக்குப் புரியும் மொழியில் தந்தாக வேண்டும். அதை எதிர்த்து அரசுக்கு மனு எழுதாமல் விடுவது பெரும் இழப்பு. அம்மனுவைப் பரிசீலிக்க அரசு காரணமின்றித் தாமதித்ததற்காகவே, சட்டவிரோதக் காவலை எதிர்த்து நீதிமன்றத்தில் தொடுக்கும் ஆட்கொணர்வு மனுக்களில் தடுப்புக் காவல் ஆணைகள் ரத்தாகியிருக்கின்றன. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று ஒதுங்கவும் வேண்டாம்: காவலில் இருப்பவருக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக இலவச உதவி கிடைக்கும்.

மாநில மனித உரிமை ஆணையத்தில் புகார் தரக் கட்டணம் இல்லை. ஆனால் "கேஸ் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுபவர்கள், சம்பவம் நடந்து ஓராண்டு கடந்த எதையும் ஆணையம் விசாரிக்கலாகாது என்ற விதியை, பெரும்பாலும் ஓராண்டு கழிந்த பின்னரே கேள்விப்படுகிறார்கள்.