பாரிசிலிருந்து வந்த ப்ளூ-ரே: வாங்கும்போதும் நகலெடுக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய திரைப்பட வட்டுகளைப் புரட்டுபவர்கள் செய்யும் முதல் தவறு, உறையின் நிறத்தைப் பார்க்காமல் விலை பேசுவதே. நீல உறை ப்ளூ-ரே. செந்நிற உறை எச்டி டிவிடி. 2006இல் ஒன்றுக்கொன்று போட்டியாகச் சந்தைக்கு வந்த இவ்விரு உயர்தெளிவு வட்டு வகைகளில், 2008 ஜனவரியில் வார்னர் திரைப்பட நிறுவனம் ப்ளூ-ரே பக்கம் சாய்ந்ததும், பிப்ரவரியில் தோஷிபா எச்டி டிவிடியைக் கைவிட்டது. இரண்டுக்கும் ஒரே 405 நானோமீட்டர் லேசர்தானே என்று நினைக்க வேண்டாம். தரவு அடுக்கு ப்ளூ-ரேயில் மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலும் எச்டி டிவிடியில் 0.6 மில்லிமீட்டர் ஆழத்திலும் இருப்பதால், சாதாரண ப்ளூ-ரே பிளேயரில் எச்டி டிவிடி ஓடாது.

அடுத்தது மண்டலக் குறியீடு, அதாவது வட்டு எந்த நாடுகளின் பிளேயர்களில் ஓடும் என்பதைக் காட்டும் எழுத்து. பிரான்சில் உறவினர் உள்ள குடும்பங்கள் நிறைந்த இவ்வூரில் இது அடிக்கடி நேர்வது. என் சித்தப்பா பாரிசிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த வட்டை இங்கு வாங்கிய பிளேயரில் போட்டபோது, மண்டலம் பொருந்தவில்லை என்ற ஒரு வரி மட்டுமே திரையில் வந்தது; பின்னட்டையின் மூலையில் ‘பி’ என்ற எழுத்து இருந்ததைப் பிறகுதான் கவனித்தோம். பிரான்சு பி மண்டலம், இந்தியா சி மண்டலம். 4கே ப்ளூ-ரே வட்டுகளில் இந்தப் பூட்டு இல்லை.

நகலெடுப்பதில்தான் குழப்பம் அதிகம். காசு கொடுத்து வாங்கியதால் எதையும் செய்யலாம் என்பார் ஒருவர். நகலெடுத்தாலே சிறை என்பார் மற்றவர். பின்னவர் பெரும்பாலும் வட்டின் பாதுகாப்புப் பூட்டை உடைப்பதையே தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்தை மனத்தில் வைத்துப் பேசுகிறார். நம்முடைய 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளலை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. 2012 திருத்தத்தில் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு, நகலெடுப்பதைத் தடுக்கும் இத்தகைய பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. ஆகவே நோக்கமே இங்கு முக்கியம். ஆனால் ‘நியாயமான’ என்ற சொல்லுக்குச் சட்டம் அளவுகோல் எதையும் தரவில்லை. எத்தனை நகல் வரை பொருந்தும் என்று எவராவது எண்ணிக்கை சொன்னால் அதை நம்பிவிடாதீர்கள்.

எனவே ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொண்டு மூல வட்டை அதே சந்தையில் விற்றுவிடுவது, அந்த நகலை நண்பர்களுக்குப் பென் டிரைவில் கொடுப்பது, இணையத்தில் ஏற்றுவது ஆகியவற்றுக்குச் சொந்தப் பயன்பாடு என்ற வாதம் துணைக்கு வராது.