விண்டோஸ் தொடங்கும்போது தாமாக இயங்கும் நிரல்களைக் கட்டுப்படுத்துதல்

விண்டோஸ் 11 கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, இடப்பக்கத்தில் ‘ஸ்டார்ட்அப் ஆப்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், கணினிக்குள் நுழைந்தவுடன் தாமாகவே இயங்கும் நிரல்களின் பட்டியல் தெரியும். தொடக்கத்தின்போது சிபியு எனும் மையச் செயலியின் நேரத்தில் ஒரு விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும் நிரலுக்கும், வட்டில் 3 எம்பிக்கு மேல் தரவைப் படிக்கவோ எழுதவோ செய்யும் நிரலுக்கும் எதிரே ‘ஹை’ (தொடக்கத்தின் மீதான தாக்கம் அதிகம்) என்றிருக்கும். முதலில் கவனிக்க வேண்டியவை இவையே. ஸ்பாட்டிஃபை (இசை), ஸ்டீம் (விளையாட்டு) போன்றவற்றின் மீது வலச்சொடுக்கி ‘டிசேபிள்’ கொடுத்துவிடலாம். அதனால் நிரல் அழிந்துவிடாது. வேண்டும்போது நாமே திறந்துகொள்ளலாம். ஆனால் கோப்புகளை இணையத்தில் சேமிக்கும் மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவை நிறுத்தினால், அதை மீண்டும் திறக்கும் வரை கோப்புகள் மேகக்கணியில் சேமிக்கப்படமாட்டா என்பதால், அதில் மட்டும் அவசரம் கூடாது. பெயர் புரியாத நிரலைக் கண்டால், வெளியீட்டாளர் யார் என்பதைப் பார்த்த பிறகே கைவைக்க வேண்டும். அது டச்பேடுக்கோ ஒலிக்கோ உரிய துணை நிரலாகவும் இருக்கக்கூடும்.