பெரிய எண்களைச் சொல்லித்தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னையில் நான் பாடம் எடுக்கும் பள்ளிக்கு வருடாவருடம் பயிற்சி ஆசிரியைகள் வருவார்கள். இந்த வருடம் வந்த பெண் நான்காம் வகுப்பில், "நூறுக்கு ரெண்டு சைபர், ஆயிரத்துக்கு மூணு சைபர், லட்சத்துக்கு அஞ்சு சைபர்" என்று பாட்டாகவே சொல்லவைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் கூரை அதிரக் கத்தினார்கள். கடைசி பெஞ்சில் இருந்த எனக்கு வயிற்றைக் கலக்கியது. இருபது வருடத்துக்கு முன் அதே பாட்டை அதே ராகத்தில் நடத்தியவள் நான்.

6-ஐயும் 9-ஐயும் மாற்றி எழுதுவது போன்றவை தானே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சைபர் பாட்டு

இந்தப் பாட்டைக் கற்ற பிள்ளையிடம் "ஆயிரத்து ஐந்து எழுது" என்று சொல்லிப் பாருங்கள். முதலில் ஆயிரம், அதற்கு மூன்று சைபர். அப்புறம் ஐந்து. 10005. நாம் சொல்லிக்கொடுத்ததைத்தான் அது எழுதியிருக்கிறது. நாமோ சிவப்பு மையில் சுழித்துவிட்டு, பத்துத் தடவை இம்போசிஷன் கொடுப்போம். நான் கொடுத்திருக்கிறேன்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பையனின் அம்மாவுக்கு எழுதத் தெரியாது. வங்கியில் பணம் எடுக்கும் சீட்டை மகன்தான் நிரப்புவான். ஒரு நாள் ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்கு 1000500 என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். "பத்து லட்சமா?" என்று கவுண்ட்டரில் சிரித்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டார்கள். வேறு சீட்டு நிரப்ப ஆள் தேடி அலைந்ததில் அந்த அம்மாவுக்கு அரை நாள் கூலி போச்சு. மறுநாள் பள்ளி வாசலில், "படிக்கிற புள்ளைன்னு நம்பித்தானே டீச்சர் குடுத்தேன்" என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், பழைய தமிழ் எண்முறைப்படி பையனின் யோசனை சரிதான். பத்து, நூறு, ஆயிரத்துக்கு ௰, ௱, ௲ என்று தனித்தனிக் குறிகள் இருந்தன. ௲௫ என்றால் ஆயிரத்து ஐந்து. காதில் விழுந்த வரிசையில் எழுதினால் போதும், சைபர் தேவையே இல்லை. இன்றைய முறையில் வாயில் வராத இடத்துக்கும் சைபர் போட்டாக வேண்டும். பிள்ளைக்கு இது பெரிய தாண்டல். "எத்தனை தடவை சொல்றது" என்று கத்தினால் தாண்டாது.

பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி அட்டைகள் செய்யுங்கள். ஓர் இலக்கத்துக்கு இரண்டு விரல் அகலம். 300000 நீள அட்டை, 4000 அதைவிடக் குட்டை, 5 ஒற்றைத் துண்டு. வலது ஓரம் சேரும்படி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் 304005 தெரியும். மற்ற சைபர்கள் எங்கே போயின என்று பிள்ளையே அட்டையைத் தூக்கிப் பார்க்கும். இடத்துக்கு ஒரு கம்பி வைத்து மணி கோக்கும் ஆணிமணிச்சட்டமும் நல்லதுதான். ஆனால் முப்பத்தைந்து பேருக்கு ஒன்றே ஒன்று இருந்தால் தூரத்திலிருந்து பார்க்கத்தான் முடியும்.

காதையும் பழக்குங்கள். "ஆயிரம்" என்று முடிந்தால் எண் முடிந்தது. "ஆயிரத்து" என்றால் பின்னால் இன்னும் வருகிறது. நூற்று, லட்சத்து, கோடியே எல்லாம் அப்படித்தான். நான் "லட்சத்து..." என்று இழுத்தால் என் வகுப்பில் பென்சில்கள் அந்தரத்தில் நிற்கும்.

தொள்ளாயிரம்

தொண்ணூறில் நூறு கேட்கிறது, தொள்ளாயிரத்தில் ஆயிரம் கேட்கிறது. பிள்ளை 900, 9000 என்று எழுதாமல் என்ன செய்யும்? ஒன்பது வந்தால் மட்டும் தமிழ் இப்படி அடுத்த இடத்தின் பெயரைச் சொல்லி ஏமாற்றும். 9, 90, 900, 9000 நான்குக்கும் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.

காற்புள்ளி

வலமிருந்து முதலில் மூன்று இலக்கம் தள்ளி, பிறகு இரண்டிரண்டு இலக்கம் தள்ளி. அவ்வளவுதான்.

மில்லியன்

கோடி கைக்கு வரட்டும். அப்புறம் பார்க்கலாம்.

பின்கோடு

மயிலாப்பூரின் 600004-ஐ "ஆறு லட்சத்து நான்கு" என்று வாசிக்கவைத்தார் ஒருவர். நடுவில் சைபர்கள் இருப்பது என்னவோ வசதிதான். ஆனால் "அப்போ அடையாறு 600020, மயிலாப்பூரைவிடப் பெரிசா மிஸ்?" என்று ஒரு வாண்டு கேட்டதும் அவருக்குப் பதில் வரவில்லை. பின்கோடு எதையும் எண்ணிச் சொல்வதில்லை. போன் நம்பரும் அப்படியே.

சைபரே இல்லாத உதாரணம்

பலகையில் எப்போதும் 4,56,789. அதில் யாரும் தவறமாட்டார்கள், நாமும் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னை 46,46,732, தமிழ்நாடு 7,21,47,030. முதல் எண்ணைக் கடகடவென்று எழுதிய வகுப்பு, "ஏழு கோடியே இருபத்தோரு லட்சத்து நாற்பத்தேழாயிரத்து முப்பது" என்றதும் தடுமாறும். நூறாம் இடத்தை யாருமே உச்சரிக்கவில்லையே!

பயிற்சிக்கு வந்த பெண்ணையே அதை எழுதச் சொன்னேன். 7214730 என்று எழுதிவிட்டு, சாக்பீஸைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "வீட்ல கல்யாணப் பத்திரிகை நிறைய கெடக்கு மேடம், நாளைக்கு எடுத்துட்டு வரேன்" என்றார்.