பழைய செம்பு, பித்தளை, அலுமினியம்: கடைக்குப் போகும் முன் பிரிப்பது எப்படி?

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தோப்பு வீடுகளில் மோட்டார் ரூம் மூலையில் ஒரு சாக்கு கிடக்கும். எரிந்த மோட்டார் காயில் (செம்புக் கம்பிச் சுருள்), உடைந்த குழாய், நசுங்கிய சட்டி எல்லாம் அதற்குள்தான். பிளாஸ்டிக்கை எடுக்க, வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனை வந்துவிடும். இந்தச் சாக்கு போவது ஆக்ரிக் கடைக்கு, அதாவது பழைய இரும்புக் கடைக்கு. கலந்தபடியே கொடுத்தால் இருப்பதிலேயே மலிவான உலோகத்தின் விலைதான் கிடைக்கும். அரை மணி நேரம் உட்கார்ந்தால் பிரித்துவிடலாம்.

1. காந்தம் வைத்துப் பாருங்கள்

பழைய ஸ்பீக்கர் காந்தம் போதும். ஒட்டினால் இரும்பு, தனியாகப் போடுங்கள். பித்தளை போல மினுக்கும் தாழ்ப்பாள் சில, மேல்பூச்சு போட்ட இரும்பாக இருக்கும். அலுமினியச் சட்டியில் இரும்பு ஆணியோ திருகோ இருந்தால் கழற்றிவிடுங்கள். உருகிய அலுமினியத்தில் இரும்பு கலந்துவிட்டால் பிரித்தெடுப்பது மிகவும் கடினம்; அந்தச் சரக்கு மறுபடி நல்ல தகடாகாது, மட்டமான வார்ப்புக்குத்தான் போகும். பாக்சைட் என்னும் தாதுவிலிருந்து புதிதாக எடுக்கச் செலவாகும் ஆற்றலோடு ஒப்பிட்டால், பழைய அலுமினியத்தை உருக்க ஏறத்தாழ 5 சதவீதம் போதும். அவ்வளவு லாபமான பொருளை ஒரு திருகுக்காகக் கெடுப்பானேன்?

2. அரத்தால் சுரண்டுங்கள்

சிவப்பு என்றால் செம்பு, மஞ்சள் என்றால் பித்தளை. வெள்ளையாக, லேசாக இருந்தால் அலுமினியம்; அதே அளவுச் செம்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. வெள்ளையாகவும் கனமாகவும் இருந்து காந்தத்தில் ஒட்டாவிட்டால், பெரும்பாலும் எவர்சில்வர், அது தனி. செம்புக் கம்பியையும் சுரண்டிப் பார்க்காமல் நம்பாதீர்கள், அலுமினியத்தின் மேல் செம்பு போர்த்திய கம்பிகள் நிறைய வந்துவிட்டன.

வெண்கல உருளி இருந்தால், ஓட்டை விழாதவரை விற்காதீர்கள் என்பேன். பித்தளைப் பாத்திரத்துக்கு வெள்ளீயம் பூசினால் மறுபடி அடுப்பில் ஏற்றலாம்.

3. ஒயரை எரிக்காதீர்கள்

தோல் போகட்டும் என்று ஒயரைக் குவித்துத் தீ வைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தத் தோல் பிவிசி என்னும் பிளாஸ்டிக்; அது எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு, டையாக்சின் போன்ற நச்சுகள் புகையில் வரும். கம்பியும் கருத்து விலை குறையும். தடித்த கேபிளை மட்டும் கத்தியால் நீளவாக்கில் கீறி உரியுங்கள், கத்தி உங்கள் பக்கம் திரும்பக் கூடாது. மெல்லிய ஒயரைத் தோலோடு கொடுத்துவிடுங்கள், உரிக்கிற பாட்டுக்குக் கட்டாது.

மோட்டாரை ரீவைண்டிங்குக்கு (புதுக் கம்பி சுற்ற) கொடுத்திருந்தால் எரிந்த காயிலைத் திரும்பக் கேளுங்கள். இல்லையென்றால் அதற்கான தொகையைப் பில்லில் கழிக்கச் சொல்லுங்கள்.

4. கை வைக்கக் கூடாதவை

பேட்டரியை உடைக்க வேண்டாம், உள்ளே காரீயமும் அமிலமும் இருக்கின்றன. புதிது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுங்கள். பிரிட்ஜ், ஏசியின் செம்புக் குழாயை அறுத்தால் கேஸ் காற்றில் போய்விடும். மெக்கானிக்கை வைத்து முதலில் கேஸை எடுத்துவிடுங்கள்.

5. எடை

விலை அடிக்கடி மாறும். கிளம்பும் முன் இரண்டு கடைகளில் போனில் கேளுங்கள். அப்புறம் அங்கே போய், ஒவ்வொரு பையையும் தனித்தனியாகத் தராசில் வைக்கச் சொல்லி, நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.