கன்னியாவில் எரிமலை இருக்கோ? கல்லைப் பார்த்துக் கண்டுபிடியுங்கள்

திருகோணமலைக்குப் பக்கத்தில் இருக்கும் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்கு யாரைக் கூட்டிப்போனாலும், இரண்டு வாளி வெந்நீர் தலையில் விழுந்ததும் அதே கேள்விதான்: “இதுக்குக் கீழ எரிமலை இருக்கோ?” இல்லை. தண்ணீரின் சூட்டை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது, கல்லைத்தான் பார்க்க வேண்டும்.

மலையின் வடிவத்தை நம்பாதீர்கள். பழைய எரிமலை என்றால் கூம்பும் வாயும் எப்போதோ அரித்துப் போயிருக்கும். மும்பையில் உள்ள கில்பர்ட் மலை 6.6 கோடி ஆண்டுக்கு முந்தைய எரிமலைக் குழம்பு உறைந்ததுதான், இன்று பார்த்தால் வீடுகளுக்கு நடுவே செங்குத்தாக நிற்கும் ஒரு கருந்தூண்.

வெளிநிறமும் ஏமாற்றும், கடல் நனைத்த கல் எல்லாமே கறுப்புத்தான். அதனால் புதிதாக உடைந்த முகம் வேண்டும். அதற்காகக் கோணேசர் கோயில் பாறையில் சுத்தியலோடு ஏறிவிடாதீர்கள், வீதி போடக் கொட்டிய சல்லிக்கல் குவியலே போதும். ஒரு துண்டை எடுத்து வெயிலில் திருப்பிப் பாருங்கள், பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. எரிமலைக் குழம்பு தரைக்கு வந்ததும் சட்டென்று ஆறிவிடும், கல்லுக்குள் கனிம மணிகள் வளர நேரமே கிடைக்காது, அதனால் அப்படி உறைந்த பசால்ட் என்ற கறுப்புக் கல் மாவரைத்த மாதிரி நுண்ணியதாக இருக்கும், வாயு போன குமிழி ஓட்டைகளும் இருக்கலாம். (ஓட்டை மேற்பரப்பில் மட்டும் இருந்தால் அது உப்புக்காற்றின் வேலை, உள்ளேயும் இருக்கிறதா என்று பாருங்கள்.) நம் பக்கத்துக் கல்லில் பெரும்பாலும் மணிகள் கண்ணுக்கே தெரியும், மைக்கா என்ற பளபளக்கும் கனிமம் மினுங்கும், வெள்ளையும் கறுப்புமாக வரிகள் நெளிந்து மடிந்து ஓடும். அது நைஸ். ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் இந்த மாதிரிப் பழம்பாறைதான்.

சரி, அப்போ கிணறு ஏன் சுடுகிறது? பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சுமார் 25 முதல் 30 பாகை வெப்பம் கூடும். மழைநீர் பாறை வெடிப்பு வழியே ஆழத்துக்குப் போய், சூடாகி, வேறொரு வெடிப்பால் மேலே வருகிறது. ஏழு கிணற்றிலும் சூடு ஒன்றாக இல்லை, வேண்டுமானால் கையை வைத்துப் பாருங்கள்.

அப்புறம் திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கடற்கரையின் கறுப்பு மணலைக் காட்டி வாதாடுவார்கள். அது எரிமலைச் சாம்பல் அல்ல, இரும்பும் டைட்டானியமும் கலந்த இல்மனைட் என்ற கனிமம். இந்த மாதிரிப் பழம்பாறைகள் தேய்ந்து, அலை சலித்து ஒதுக்கிய கனமான மணல்.