முதலாம் பிள்ளை எது? ரஹ்மான் அல்பங்களுக்கு இடம் போடும்போது நாங்கள் விடுகிற பிழைகள்

என் கூட்டாளி ஒருவன் பதினைந்து வருடமாக ஒரே வழக்கைப் பேசிக்கொண்டிருந்தான். 'பம்பாய்' அல்பத்துக்கு முதல் ஐந்தில் இடம் இல்லையாம். காரணம் கேட்டால், “மச்சான், 'உயிரே' பாட்டு மொட்டையா முடியுது. பாட்டை முடிக்கத் தெரியாத ஆளுக்கு நான் எப்படி மார்க்ஸ் போடுறது?” என்பான். ஒருநாள் மட்டக்களப்பு கல்லடியில் என் போனில் முழுப் பாட்டையும் போட்டுக் காட்டினேன். கடைசிவரை பேசாமல் கேட்டான். மறுகா, “இது வேற பாட்டு” என்றான்.

விஷயம் இதுதான். 1995இல் அவன் வெறும் கசட் ஒன்றை வாங்கி, பாட்டுப் பதிகிற கடையில் கொடுத்து 'பம்பாய்' அடித்து வாங்கினான். அறுபது நிமிடக் கசட் என்றால் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். 'உயிரே' ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும். நாடா முடிந்த இடத்தில் பாட்டும் முடிந்துவிட்டது. அதோடு கடைக்காரர் 'பம்பாய் தீம்' இசையைப் பதியவே இல்லை. ஆள் படிக்காத (பாடாத) துண்டு எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ, அந்த இடத்தில் வேறு படத்துப் பாட்டு ஒன்று இருந்தது. அந்த அல்பத்தில் உலகமே கேட்ட இசை அதுதான்.

ஆகவே முதல் பிழை, எல்லோரும் ஒரே அல்பத்தைத்தான் கேட்டோம் என்று நினைப்பது. எங்கள் பக்கத்தில் அது நடக்கவே இல்லை. வாவிக்கு அந்தப் பக்கம் இருக்கிற படுவான்கரையில் பல ஊர்களுக்கு அந்தக் காலத்தில் மின்சாரம் கிடையாது. மண்முனைத்துறையில் பாதை (ஆட்களை ஏற்றிப்போகும் மிதவை) ஏறி வாவியைக் கடந்துதான் பட்டினத்துக்கு வரவேண்டும். பாலம் வர 2014 ஆனது. பற்றரியில் ஓடும் ரேடியோவில் கசட் கேட்டவர்களுக்கு, பற்றரி இறங்க இறங்கப் பாட்டு இழுக்கும். சித்ராவின் குரல் தடித்து ஆண் குரலாகும் கட்டத்தில் பற்றரியைக் கழற்றி வெயிலில் காயவைப்பார்கள். 'ரோஜா' மந்தமான அல்பம் என்று அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் சொன்னால் சண்டை பிடிக்காதீர்கள். அவருக்கு அது மந்தமாகத்தான் ஓடியிருக்கும்.

பஸ்ஸில் கேட்டவர்கள் இன்னொரு கட்சி. மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். நின்று நின்று போகிற பஸ்ஸில் ஒரு அல்பம் முழுதாக ஓடி, இன்னொன்றும் தொடங்கிவிடும். ஆனால் எஞ்சின் சத்தத்தையும் ஹோர்ன் சத்தத்தையும் தாண்டி வருவது தாளம் மட்டுமே. 'காதலன்' பஸ்ஸில் ராஜாதான். 'திருடா திருடா'வில் வாத்தியமே இல்லாமல் குரல்களை வைத்தே கட்டிய 'ராசாத்தி' பஸ்ஸில் செத்துவிடும். கல்லடிப் பாலத்தடியில் பாடுமீன் (வாவிக்குள் பாடுவதாகச் சொல்லும் மீன்) கேட்கப் போகிறவர்கள், நிலவு நாளில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறுநுனியில் காதை வைப்பார்கள். மீனுக்கே அவ்வளவு மரியாதை கொடுக்கிற ஊர், 'ராசாத்தி'க்கு ஒரு ஹெட்போன் கொடுக்கக் கூடாதா? இடம் போடுவதற்கு முதல் நாள் எல்லோரும் முழு அல்பத்தையும் ஒழுங்கு மாறாமல் ஒருதரம் கேட்டுவிட்டு வாருங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

(இடைச்செருகல்: 'தரப்படுத்தல்' என்ற சொல்லை வேண்டுமென்றேதான் தவிர்க்கிறேன். இலங்கையில் அந்தப் பெயரில் வந்த அனுமதி முறையால் பல்கலைக்கழகம் போகாமல் நின்றவர்கள் எங்கள் குடும்பங்களில் இருக்கிறார்கள். 'எத்தனையாம் பிள்ளை' (வகுப்பில் எத்தனையாம் இடம்) என்று பள்ளிக்கூடத்தில் கேட்பதுபோலக் கேட்டுவிட்டுப் போவோம்.)

அடுத்தது, படத்துக்குக் கொடுக்க வேண்டிய இடத்தை அல்பத்துக்குக் கொடுப்பது. 'இருவர்' 1997இல் வந்தபோது தியேட்டரில் நிற்கவில்லை. 'திருடா திருடா'வும் எதிர்பார்த்த அளவு ஓடவில்லை. படம் போனால் பாட்டும் போய்விடும் என்ற கணக்கை இந்த இரண்டு அல்பமும் பொய்யாக்கின. படம் பார்க்காதவனுக்குத்தான் 'இருவர்' பாட்டுகள் சரியாகக் கேட்கும் என்பது என் கட்சி. இதன் மறுபக்கமும் உண்டு: படம் நூறு நாள் ஓடியதால் சுமாரான பாட்டுக்கும் ஒரு மினுக்கம் வந்துவிடும். அந்த உதாரணத்தை இங்கே எழுதினால் எனக்கு ஊருக்குள் நடமாட முடியாது.

ஒரே அல்பத்தை இரண்டு தரம் எண்ணுவதும் அடிக்கடி நடக்கும். 1998இல் வந்த 'தில் சே'யின் தமிழ்தான் 'உயிரே' படம். 2000இல் வந்த 'அலைபாயுதே' மெட்டுகளில் பெரும்பகுதி 2002இல் ஹிந்தி 'சாத்தியா'வுக்குப் போனது. 'ஆய்த எழுத்து'வும் 'யுவா'வும் 2004இல் சோடியாகவே வந்தவை. முதல் பத்தில் 'அலைபாயுதே'யையும் 'சாத்தியா'வையும் போடுகிறவர் ஒரே பிள்ளைக்கு இரண்டு கதிரை கேட்கிறார். மொழி மாறும்போது பாட்டு மாறாதா என்றால், கொஞ்சம் மாறும். வைரமுத்துவின் வரி இல்லாத இடத்தில் அந்த மெட்டு எனக்கு வேறு மாதிரித்தான் கேட்கிறது. அப்படியென்றால் நீங்கள் வரிக்கும் சேர்த்து மார்க்ஸ் போடுகிறீர்கள் என்று அர்த்தம். அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரஹ்மான் மெட்டுப் போடுவார், பாடுவார், பாட்டு எழுதுவது பெரும்பாலும் வேறு ஆள்.

விருதைத் தூக்கி மேசையில் போடுகிற ஆள் எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். 2009இல் இரண்டு ஒஸ்கார் வாங்கிக் கொடுத்தது 'ஸ்லம்டோக் மில்லியனர்'. நான் இருந்த எந்த மேசையிலும் அது முதல் ஐந்துக்குள் வந்ததில்லை. விருது வேறு, நாங்கள் கேட்டு வளர்ந்தது வேறு. ஆனால் விருதுக் கதைகளில் ஒன்று எங்கள் ஊருக்குச் சொந்தம், அதைச் சொல்லாமல் போக மனமில்லை. 1992க்கான இந்தியத் தேசிய விருதில் 'ரோஜா'வும் இளையராஜாவின் 'தேவர் மகன்'னும் சமமாக நின்றன. நடுவர் குழுவின் தலைவர் பாலு மகேந்திரா. மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர். அவருடைய படங்களுக்கு வழக்கமாக இசையமைத்தவர் இளையராஜா. அப்படியிருந்தும் தன் வாக்கை முதல் படம் செய்த புதுப் பையனுக்குப் போட்டதாக அவரே பின்னாளில் மேடையில் சொன்னார். நடுவர் மேசையிலேயே சமமாக நின்று தலைவரின் வாக்கால் தீர்ந்த விஷயத்தை, விருது கிடைத்தது ஆகவே அதுதான் மேல் என்று சொல்ல முடியுமா? அமிர்தகழி ஆட்கள் முடியும் என்பார்கள். அது வேறு காரணம்.

'கன்னத்தில் முத்தமிட்டால்' வந்தால் எங்கள் மேசை அமைதியாகிவிடும். 2002 பெப்ரவரியில், யுத்த நிறுத்தம் கையெழுத்தான அதே மாதம் வந்த படம். எங்கள் கதையைச் சொல்கிறது, அல்லது சொல்லப் பார்க்கிறது. 'விடை கொடு எங்கள் நாடே' பாட்டை எம். எஸ். விஸ்வநாதன் படித்திருக்கிறார். அந்தக் கிழக்குரல் எழும்பும்போது எங்கள் வீட்டில் அம்மா அடுப்படிக்குள் போய்விடுவார், கொதிக்காத கேத்தலைப் பார்க்க. இந்த அல்பத்துக்கு நான் இரண்டாம் இடம் போடுவேன். ஆனால் ஏன் என்று கேட்டால் தாளக்கட்டு, வயலின் என்று கதை விடக்கூடாது. அந்தப் பிழையை நானும் நிறைய நாள் விட்டிருக்கிறேன். எனக்கு அது இரண்டாம் பிள்ளையாக இருப்பதற்குக் காரணம் அம்மா. அதைச் சொன்னபோது எதிரே இருந்த காத்தான்குடிக் காக்கா (அண்ணன்), “அது சரி மச்சான், அதுக்கு நீ மார்க்ஸ் போடத் தேவல்ல” என்று சொல்லி என் தேத்தண்ணிக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார். அதன் பிறகு அந்த அல்பத்தை நாங்கள் பட்டியலுக்கு வெளியே வைத்திருக்கிறோம்.

புது அல்பங்களுக்கு ஒரு சலுகை கொடுக்க வேண்டும். இப்போது பாட்டுகள் ஒவ்வொன்றாக, வாரக்கணக்கில் இடைவெளி விட்டு வெளிவருகின்றன. படம் வருவதற்குள் முதல் பாட்டு சலித்து, கடைசிப் பாட்டை யாரும் கேட்காமலே போய்விடுகிறது. முதல்தரம் கேட்டவுடனேயே தீர்ப்புச் சொல்வது ரஹ்மானிடம் எப்போதும் ஆபத்து. 'விண்ணைத்தாண்டி வருவாயா'வின் 'ஆரோமலே'யை முதல்முறை கேட்டுவிட்டு, யாரோ கத்துகிறார்கள் என்று நிறுத்தியவர்களில் நானும் ஒருவன். இளையராஜாவை இழுப்பதைப் பற்றி ஒரு வரி போதும்: இழுத்தால் அன்றைய பட்டியல் அன்றோடு சரி.

கடைசியாகக் கணக்கு. ஐந்து பேர் சேர்ந்து, முதலிடத்துக்கு 5, இரண்டாமிடத்துக்கு 4 என்று ஐந்தாமிடத்துக்கு 1 வரை புள்ளி கொடுத்துக் கூட்டினோம். இரண்டு பேர் 'இருவர்'க்கு முதலிடம் போட்டார்கள், மற்ற மூன்று பேர் அதைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. மொத்தம் 10. 'மின்சாரக் கனவு'க்கு மூன்று பேர் மூன்றாமிடம், இரண்டு பேர் நாலாமிடம். மொத்தம் 13. ஒருவர்கூட முதலிடம் கொடுக்காத அல்பம் முதலாம் பிள்ளை ஆனது. யாருக்கும் வெறுப்பில்லாத அல்பத்தைத் தூக்கிவிடுவது இந்த முறையின் குணம். நல்லதோ கெட்டதோ, தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

பிறகு இரண்டிரண்டாகப் பிடித்துக் கை தூக்கிப் பார்த்தோம். ஐந்து பேர் என்பதால் சமம் வராது, இது நேர்மையான வழி என்று நான்தான் சொன்னேன். 'ரோஜா' 'இருவர்'ஐ வென்றது, மூன்றுக்கு இரண்டு. 'இருவர்' 'அலைபாயுதே'யை வென்றது, அதுவும் மூன்றுக்கு இரண்டு. சரி, முடிந்தது என்று நினைத்தால் 'அலைபாயுதே' 'ரோஜா'வை வென்றுவிட்டது. யாரும் கையை மாற்றித் தூக்கவில்லை, கள்ளமும் செய்யவில்லை. ஆளுக்கு ஒரு விதமாக அடுக்கினால் இப்படிச் சுற்றி வரக்கூடும். கூட்டாளி, “அப்ப 'பம்பாய்'?” என்று தொடங்கினான். தேத்தண்ணிக் கடைக்காரர் லைட்டை அணைத்துவிட்டார்.