கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் கேபினெட்டைத் திறந்து பாருங்கள்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு கணினிக் கடையில் "நல்ல கிராபிக்ஸ் கார்டு எது?" என்று கேட்டால், கடையில் இருப்பில் உள்ளதே நல்லது என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். ஆகவே புறப்படும் முன், மின்இணைப்பைத் துண்டித்து, கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, உள்ளே இருப்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் பவர் சப்ளையின் மேல் ஒட்டியுள்ள விவரச் சீட்டில் அது எத்தனை வாட் தரும் என்று படியுங்கள். மதர்போர்டின் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் மட்டுமே தரும் என்பதால், அதற்கு மேல் மின்சாரம் இழுக்கும் கார்டுக்கு பவர் சப்ளையிலிருந்து 6 பின், 8 பின் போன்ற கேபிள் தனியாக வந்தாக வேண்டும். அந்தக் கேபிள் இல்லையெனில் பவர் சப்ளையையும் சேர்த்தே மாற்ற நேரிடும். அடுத்து, கார்டு உட்காரும் இடத்தின் நீளத்தை அடிக்கோலால் அளக்க வேண்டும். நான் அளக்காமல் வாங்கியதால், ஹார்ட் டிஸ்க் கூட்டைக் கழற்றிய பிறகே கார்டை உள்ளே நுழைக்க முடிந்தது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பலர் மறந்துவிடுவது யுபிஎஸ்ஸைத்தான். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெய்யும் ஊரில் மின்தடைக்குப் பஞ்சமில்லை. பெட்டியில் 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) என்று அச்சிட்டிருந்தாலும், அத்தகைய யுபிஎஸ் தாங்குவது பெரும்பாலும் 360 வாட்தான். 170 வாட் கார்டு, பிராசஸர், மானிட்டர் ஆகிய மூன்றும் முழு வேகத்தில் இயங்கும்போது மின்சாரம் போனால், சேமிக்க அவகாசமின்றிக் கணினி அணைந்துவிடக்கூடும்.

இனி ஒப்பீட்டுக்கு வரலாம். 2023-இல் வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060, 8 ஜிபி நினைவகத்துடன் 115 வாட்டில் அடங்கிவிடுகிறது. அதே ஆண்டில் வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7600-க்கும் 8 ஜிபிதான், ஆனால் 165 வாட் வேண்டும். சாதாரண விளையாட்டுகளில் இவ்விரண்டும் நெருங்கி ஓடும். ஒளியின் போக்கைக் கணக்கிட்டுக் காட்சியை வரையும் ரே டிரேசிங்கிலும், முப்பரிமாண மென்பொருளான ப்ளெண்டரில் படத்தை உருவாக்கும் ரெண்டரிங்கிலும் என்விடியா முந்தும். 2021-இல் வந்த, 170 வாட் இழுக்கும் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 விளையாட்டில் 4060-ஐவிட மெதுவானதே என்றாலும், அதிலுள்ள 12 ஜிபி பெரிய முப்பரிமாணக் காட்சிகளுக்குக் கைகொடுக்கும். அதே பெயரில் 8 ஜிபி வகையும் விற்கப்பட்டதால், வாங்கும்போது எண்ணைப் பார்த்தே பணம் கொடுக்க வேண்டும். இன்டெல்லின் ஆர்க் கார்டுகளுக்கு, கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசஸர் ஒரே நேரத்தில் அணுக உதவும் ரீசைசபிள் பார் வசதி அவசியம். அது இல்லாத பழைய மதர்போர்டில் அவற்றின் வேகம் வெகுவாகக் குறையும்.

1080பி (முழு எச்டி) மானிட்டரும் 600 விஏ யுபிஎஸ்ஸும் உள்ள வீட்டுக்கு, விலை சற்றுக் கூடினாலும் நான் 4060-ஐயே சொல்வேன். ப்ளெண்டரில் பெரிய காட்சிகளை உருவாக்குவோர் மட்டும் 12 ஜிபி 3060-ஐ எடுத்துக்கொண்டு, யுபிஎஸ்ஸையும் பெரிதாக்கலாம்.

பழைய கார்டு வாங்குவதாயின், குளச்சல், முட்டம் போன்ற கடலோரங்களில் உப்புக்காற்று உலோகத்தை விரைவில் அரிக்கும் என்பதை நினைவில் வைத்து, பின்பக்கத் தகட்டிலும் திருகுகளிலும் துரு ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். துரு இல்லையென்றால் விற்பவரின் கணினியிலேயே அரை மணி நேரமாவது ஒரு விளையாட்டை ஓடவிட்டு, விசிறிகள் அனைத்தும் சுழல்வதையும் திரையில் கோடுகள் விழாததையும் கண்ட பிறகே பணத்தை எடுங்கள்.